புளூடூத்தில் லாஸ்லெஸ் கேட்பவர்களிடம் ஒரு கேள்வி

காட்பாடி ஜங்ஷன்:
தினமும் ஏலகிரி எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய் வருகிறவன் நான். போகும்போதும் வரும்போதும் பாட்டுதான் துணை. பக்கத்து சீட் நண்பர் போன மாதம் லாஸ்லெஸ், அதாவது ஒலித் தகவல் எதையும் இழக்காத, சந்தாவுக்கு மாறிவிட்டு, என்னையும் மாறச் சொல்லி விடாமல் கேட்கிறார். அவர் கழுத்தில் தொங்குவது புளூடூத் நெக்பேண்ட். சிடி தரம் என்றால் விநாடிக்கு 1,411 கிலோபிட். புளூடூத்தின் சாதாரண எஸ்பிசி முறையில் போவது அதிகபட்சம் சுமார் 328. சோனியின் எல்டாக் கூட 990தான், அதுவும் இழப்புள்ள முறையே. போன் வரை முழுசாக வந்த பாட்டை அங்கே மறுபடி நசுக்கித்தான் காதுக்கு அனுப்புகிறார்கள். நான் 320 கிலோபிட்டில் டவுன்லோட் செய்து கேட்கிறேன், மணிக்கு 144 எம்பி ஆகிறது. சிடி தரத்தை அப்படியே வைத்தால் மணிக்கு 635 எம்பி. எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் முறையில் சுருக்கினாலும் பாதிக்கு மேல் தேறும். இதற்குக் கூடுதல் காசு வேறு. எதற்கு? உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

பாலாற்றங்கரை:
ஜங்ஷன், உங்கள் நண்பர் நெக்பேண்டில் கேட்பது தவறுதான், ஒத்துக்கொள்கிறேன். அதை வைத்து லாஸ்லெஸ்ஸே வீண் என்று முடிவு கட்டாதீர்கள். சத்துவாச்சாரியில் என் வீட்டில் வயர் ஹெட்போன், போனில் சின்ன யுஎஸ்பி டாக் (டிஜிட்டல் பாட்டை ஒலி அலையாக மாற்றும் கருவி). எம்பி3, ஏஏசி எல்லாம் எப்படி வேலை செய்கின்றன? கல்யாண வீட்டில் தவில் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது இல்லையா? அதே கணக்குதான். பெரிய ஓசைக்குப் பின்னால் மறையும் சின்ன ஓசைகளை ‘எப்படியும் கேட்காது’ என்று விட்டுவிடுகிறார்கள். என் பாட்டில் எதை விடலாம் என்று ஒரு சூத்திரம் ஏன் முடிவு செய்ய வேண்டும்? ஓசையை விநாடிக்கு 44,100 முறை அளந்து மாதிரி எடுத்து, ஒவ்வொன்றையும் 16 பிட்டில் எழுதும் சிடி தரம் 1982லேயே கடைக்கு வந்துவிட்டது. ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனில் கூடுதல் கட்டணம் இல்லாமலே லாஸ்லெஸ் கொடுத்தது. ஸ்பாட்டிஃபை 2021 பிப்ரவரியில் அறிவித்துவிட்டு 2025 செப்டம்பரில்தான் கொண்டுவந்தது. நாம் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் இவ்வளவாவது வந்தது.

அப்புறம், நானே கேட்டுப் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரே பாட்டு, இரண்டு செயலிகள். லாஸ்லெஸ்ஸில் மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஓசை தரும் இடப்பக்கம்) தனியாக, கனமாகக் கேட்கிறது. இன்னொன்றில் அது பின்னால் அமுங்கிக் கிடக்கிறது. இது கற்பனை இல்லை.

காட்பாடி ஜங்ஷன்:
இரண்டிலும் வால்யூம் ஒன்றாக இருந்ததா? ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் வழக்கமாக மைனஸ் 14 லுஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமப்படுத்துகிறது. ஆப்பிளின் சவுண்ட் செக் மைனஸ் 16. இந்த வசதி ஒரு செயலியில் இருந்து இன்னொன்றில் இல்லாமல் போனால் வித்தியாசம் இன்னும் கூடும். ஒரே ஒரு டெசிபல் ஏறினாலும் ‘சத்தம் அதிகம்’ என்று காது சொல்லாது, ‘தெளிவாக இருக்கிறது’ என்றுதான் சொல்லும். நீங்கள் கேட்ட தொப்பி அதுவாகவும் இருக்கலாம்.

சுருதிப்பெட்டி:
வணக்கம். காந்தி நகரில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். மிருதங்கத்தை விடுங்கள், தம்புராவைக் கேளுங்கள். நல்ல தம்புராவில் ஜீவா நூல் சரியாக உட்கார்ந்துவிட்டால் ஒரே மீட்டலில் மேல் ஸ்வரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூத்துக்கொண்டே வரும். அந்தரகாந்தாரம் தானாக எழும். அதைக் கேட்டுத்தான் பிள்ளைகளுக்குச் சுருதி உள்ளே இறங்க வேண்டும். என் மாணவி ஒருத்தி வீட்டில் சாதகம் செய்ய ஒரு செயலியில் தம்புரா போட்டுக் கேட்கிறாள். வாங்கிக் கேட்டேன், தண்ணீருக்குள் இருந்து வருவது மாதிரி சளசளவென்று இருந்தது. காந்தாரம் எங்கே போனது என்றே தெரியவில்லை. தரம் முக்கியமில்லை என்று தம்பி சொன்னால் என்னால் ஏற்க முடியாது.

காட்பாடி ஜங்ஷன்:
அம்மா, அந்தப் போனில் தரத்தை ‘ஆட்டோமேட்டிக்’ என்று விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஸ்பாட்டிஃபையில் ‘நார்மல்’ என்பது 96 கிலோபிட்தான், ‘லோ’ என்பது 24. சிக்னல் குறைந்தால் செயலி தானே கீழே இறங்கிவிடும். 96ல் தம்புரா கெடும், அதில் சந்தேகமே இல்லை. ‘வெரி ஹை’ வைத்து, வைஃபையில் டவுன்லோட் செய்யச் சொல்லுங்கள். அதற்கு ஏற்ற சந்தா ஏற்கெனவே இருந்தால் கூடுதல் காசு வேண்டாம், அமைப்பை மாற்றினாலே போதும்.

சுருதிப்பெட்டி:
பார்த்தேன் தம்பி, ஆட்டோமேட்டிக்தான். மாற்றிக் கொடுத்தேன். எவ்வளவோ தேவலை. இப்போது காந்தாரம் கேட்கிறது. இதை ஏன் முதலிலேயே கண்ணில் படும்படி வைக்காமல் நாலு திரைக்கு உள்ளே ஒளித்து வைக்கிறார்கள்?

டேப்ரெக்கார்டர் 84:
தம்பிகள் எல்லாரும் குழாயைப் பற்றியே பேசுகிறீர்கள். கிணற்றைப் பற்றி யாராவது பேச வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். 1984 முதல் லாங் பஜார் பக்கம் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தேன். காகிதத்தில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்தால், எல்பி ரெக்கார்டிலிருந்து 60 நிமிடக் கேசட்டில் பதிந்து தருவோம். ஆம்பூர், குடியாத்தத்திலிருந்தெல்லாம் வருவார்கள். தினமும் காலையில் கடை திறந்ததும் முதல் வேலை, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, டேப் உரசி ஓடும் ஹெட்டைத் துடைப்பது. பஞ்சில் காப்பிப் பொடி நிறத்தில் கறை ஏறும். அடுத்தது, ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி ஸ்க்ரூ. ஹெட் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் ஜால்ரா, ‘ஸ’ எழுத்து எல்லாம் மங்கிவிடும். பாட்டை ஓடவிட்டு, காதை ஸ்பீக்கரில் வைத்து அந்த ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்புவேன். ஓர் இடத்தில் திரை விலகின மாதிரி ஓசை திறந்துகொள்ளும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

இப்போது பேரன் போனில் பழைய பாட்டுகள் கேட்கிறேன். சில பாட்டு பிரமாதம். சிலதைக் கேட்டால் மனசு வலிக்கிறது. தேய்ந்த கேசட்டிலிருந்து, அதுவும் ஹெட் சாய்ந்த மெஷினில் போட்டு ஏற்றியிருக்கிறார்கள். இரைச்சலை எடுக்கிறேன் என்று ஜால்ராவையும் சேர்த்து வழித்துவிட்டார்கள். இதையெல்லாம் லாஸ்லெஸ் என்று கொடுத்தால், எந்த நஷ்டம் இல்லை என்கிறார்கள்? கிணற்றில் உப்புத் தண்ணீர் இருந்தால் குழாய் தங்கமாக இருந்தாலும் வருவது உப்புத் தண்ணீர்தான்.

பாலாற்றங்கரை:
ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. நானும் சிலவற்றை ஓசையின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். லாஸ்லெஸ் என்ற முத்திரையோடு வந்த ஒரு பழைய பாட்டில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கத்தி வைத்து வெட்டின மாதிரி ஒன்றுமே இல்லை. 128 கிலோபிட் எம்பி3யைப் பெரிய டப்பாவில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் ஐயா, அதற்கு மருந்து இழப்புள்ள ஒலிக்கே திரும்பிப் போவதா? கெட்ட மூலத்தை மேலும் நசுக்கினால் இன்னும் கெடும். மூல டேப் எது, எந்த வருடம் மாற்றினார்கள் என்று பாட்டுக்குக் கீழே எழுதுங்கள் என்று கேட்க வேண்டும். எந்தச் செயலியிலும் அதை நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை.

ஆற்காட்டான்:
சிடியைவிட மேலே உள்ள 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் பற்றி யாரும் பேசவில்லையே. மிகச் சின்ன ஓசைக்கும் மிகப் பெரிய ஓசைக்கும் நடுவே 16 பிட்டே 96 டெசிபல் இடைவெளி தருகிறது. மே மாதத்தில் நம் ஊரில் ஃபேன் ஐந்தில் ஓடாமல் யார் பாட்டுக் கேட்கிறார்கள்? அந்த ஃபேன் சத்தமே 40, 50 டெசிபல் இருக்கும். அதற்குக் கீழே இருப்பதில் பெரும்பாலானது நம் காதுக்கு வராது. 44,100 மாதிரி இருந்தாலே 22 கிலோஹெர்ட்ஸ் வரை பிடித்துவிடலாம், மனிதக் காது இளம் வயதிலேயே 20தான். 2007ல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி இதழில் மெயர், மோரன் இருவரும் ஒரு சோதனை வெளியிட்டார்கள். உயர்தர டிஸ்க்கின் ஒலியைச் சிடி தரத்துக்கு இறக்கி மாற்றி மாற்றிப் போட்டபோது, கேட்டவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இன்னொன்று, பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்கள் வருவதையெல்லாம் விநாடிக்கு 48,000 மாதிரிக்கு மாற்றித்தான் வெளியே விடுகின்றன. 192க்குக் காசு கொடுக்காதீர்கள்.

பாலாற்றங்கரை:
192 எனக்கும் வேண்டாம். என் சண்டை 320க்கும் சிடிக்கும் நடுவில்தான். வாயால் பேசி என்ன பயன் என்று நேற்று ராத்திரி சோதித்தே பார்த்துவிட்டேன். என்னிடம் இருக்கும் சிடியிலிருந்து ஒரு கச்சேரிப் பாட்டை எடுத்து, நானே 320லும் 128லும் எம்பி3 செய்தேன். ஃபூபார்2000 என்ற மென்பொருளில் ஏபிஎக்ஸ் சோதனை, அதாவது பெயர் மறைத்துப் போடும் ஓசை இரண்டில் எது என்று சொல்வது. வால்யூம் சமம். எது எது என்று எனக்கே தெரியாது. 16 முறை கேட்டுச் சொல்ல வேண்டும். 12 சரியாக வந்தால்தான் கணக்கு, அது குருட்டாம்போக்கில் வர 100க்கு 4 தடவைதான் வாய்ப்பு. பதினோரு மணிக்கு ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்தி, பனியன் நனைய உட்கார்ந்தேன். 128ல் 14 சரி. கைதட்டல் வரும் இடத்தில் சொரசொரவென்று காட்டிக்கொடுத்துவிட்டது. 320ல் 9.

மறைக்காமல் எழுதுகிறேன், 9தான். அந்தத் தொப்பியும் அப்படித்தான். ஜங்ஷன் சொன்ன மாதிரி ஒரு செயலியில் சமப்படுத்தல் அணைந்திருந்தது. போட்டதும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஆனாலும் சந்தாவை நிறுத்தப் போவதில்லை. வயர் ஹெட்போனிலும் புளூடூத்திலும் மாறி மாறிக் கேட்கிறவன் நான். புளூடூத்தில் ஒரு முறை நசுங்கத்தான் போகிறது, அதற்கு முன்பே நசுங்கிய ஒன்றை ஏன் கொடுக்க வேண்டும்?

காட்பாடி ஜங்ஷன்:
அந்த இரண்டாவது நசுக்கல் 320ல் காதுக்குத் தெரியுமா என்பதையும் இதே மாதிரி சோதித்துச் சொல்லுங்கள். தெரிந்தால் நானே மாறிக்கொள்கிறேன். 9 என்று எழுதியதற்கு நன்றி. நிறைய பேர் எழுதமாட்டார்கள்.

சுருதிப்பெட்டி:
கிணறு என்று ஐயா சொன்னதிலிருந்து ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. நான் அடிக்கடி கேட்கும் ஒரு பழைய பக்திப் பாட்டு, லாஸ்லெஸ் முத்திரையோடு இருக்கிறது. சுருதிப்பெட்டியோடு வைத்துப் பார்த்தால் சுருதி இரண்டு கட்டை. சின்ன வயதில் நான் இதை ஒன்றரைக் கட்டையில் கேட்டுக் கற்றதாக நினைவு. என் காது மாறிவிட்டதா, பாட்டு மாறிவிட்டதா?

டேப்ரெக்கார்டர் 84:
அம்மா, டேப் 100க்கு 6 பங்கு வேகமாக ஓடினால் அரைக்கட்டை ஏறிவிடும். ஐந்து நிமிடப் பாட்டு 17 விநாடி முன்னதாகவே முடியும். பாட்டின் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், எல்பி என் டிரங்குப் பெட்டியில் இருந்தாலும் இருக்கும்.

டேப்ரெக்கார்டர் 84:
இருந்தது. பிளேயரின் பெல்ட் தளர்ந்திருந்ததால் புதுசு மாட்டினேன். தட்டின் விளிம்பில் உள்ள ஸ்ட்ரோப் புள்ளிகள் விளக்கொளியில் அசையாமல் நிற்கும்வரை வேகத்தைச் சரிசெய்தேன். நின்றால் நிமிடத்துக்கு 33⅓ சுற்று சரியாக ஓடுகிறது என்று அர்த்தம். அப்புறம் அம்மாவுக்குப் போன் போட்டு, ரிசீவரை ஸ்பீக்கர் முன்னால் பிடித்தேன்.

சுருதிப்பெட்டி:
சாதாரண போன் கால், 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் போகும் என்று என் மகன் சொன்னான். ஐயா குரலே கரகரவென்றுதான் கேட்டது. மறுகையில் சுருதிப்பெட்டியை ஒன்றரையில் வைத்திருந்தேன். பல்லவி தொடங்கியதும் அப்படியே சேர்ந்துகொண்டது.