ஊர்ப் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே உருப்படியான வேலைப் பயிற்சி: எப்படிக் கேட்பது? (கரூர்)

அமராவதிக்கரை:
வணக்கம். கரூரைச் சுற்றியுள்ள நாலைந்து கிராமங்களுக்கான ஒரு படிப்பகத்தின் சார்பில் கேட்கிறேன். 11 பேர் இருக்கிறார்கள்: ஐடிஐ வெல்டர் முடித்தவர்கள் 3, டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவர்கள் 2, பி.காம் இரண்டாம் ஆண்டு 4, பி.ஏ. வரலாறு படிக்கும் பெண்கள் 2. பஸ் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் போகிற இடமாக வேண்டும். பஸ் கூண்டு (பாடி) கட்டும் பட்டறை, டெக்ஸ்டைல், ஆடிட்டர் ஆபீஸ் எல்லாம் அந்தத் தூரத்தில்தான் இருக்கின்றன. கேட்டால் "வரச் சொல்லுங்க" என்கிறார்கள். போனால் டீ வாங்குவதும் கூட்டிப் பெருக்குவதும்தான் வேலை. ஓனரிடம் என்னவென்று கேட்க வேண்டும், எத்தனை நாள், பணப் பேச்சு எப்படி, காகிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

கூண்டுக்காரர்:
"பையனுக்கு ஏதாவது கத்துக் குடுங்க" என்று கேட்டால் டீ வாங்கத்தான் போவான். காலையில் அவனை எங்கே நிறுத்துவது என்று மேஸ்திரிக்கே தெரியாது. தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு வேலையைச் சொல்லிக் கேளுங்கள்.

டிப்ளமோ பையன்களுக்கு ஆளுக்கொரு சேசிஸை (கூண்டு கட்டாத வெறும் வண்டி) ஒதுக்கச் சொல்லுங்கள். அது உள்ளே வந்த நாளிலிருந்து அடிச்சட்டம், தூண், கூரை, தகடு, வயரிங், பட்டி, பெயின்ட், சீட், கண்ணாடி என்று கேட்டைத் தாண்டும்வரை அவன் அதோடேயே இருக்கட்டும். எந்தக் கட்டத்தில் எத்தனை பேர், எத்தனை நாள், எதற்காக வண்டி சும்மா நின்றது என்று நோட்டில் எழுதட்டும். அந்த நோட்டு ஓனருக்கும் வேண்டியது. அதை எழுதிவைக்கத்தான் அங்கே யாருக்கும் நேரமில்லை.

ஐடிஐ வெல்டரை முதல் வாரமே தூணில் பற்றவைக்க விடாதீர்கள். குழாய் அளந்து வெட்டுவது, கழிவுத் துண்டில் டாக் (சின்னப் புள்ளியாகப் பற்றவைப்பது) வைத்துப் பழகுவது, பிறகு சுமை தாங்காத சின்ன பிராக்கெட்டுகள், இந்த வரிசையில் போகட்டும். "ஒரு டாக்தானே" என்று கவசம் இல்லாமல் வைப்பதுதான் வழக்கமான தவறு. அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, ராத்திரியில், கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும். மறுநாள் ஆள் வரமாட்டான். ஆர்க் வெல்டிங்குக்கு 10 அல்லது 11 எண் கண்ணாடி போட்ட முகக்கவசம், தோல் கையுறை, ஷூ, முழுக்கைப் பருத்திச் சட்டை கட்டாயம். பாலியஸ்டர் சட்டை கூடவே கூடாது, பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

பேரேடு:
பி.காம் பிள்ளைகளுக்குத் தேதிதான் எல்லாம். மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 14-இல் 2பி (வாங்கிய சரக்குக்கான வரி வரவுப் பட்டியல்) வரும், 20-இல் 3பி (வரி கட்டும் மாதச் சுருக்கம்). மே 21-இல் சேர்ந்து ஜூன் 10-இல் முடிப்பவர் மூன்றையுமே பார்க்காமல் வந்துவிடுவார். மே 8 முதல் ஜூன் 21 வரை கேளுங்கள். முதல் சுற்றில் பார்ப்பார், இரண்டாவது சுற்றில் செய்வார்.

கொடுக்கச் சொல்ல வேண்டிய வேலை: ஒரே ஒரு கடையின் கொள்முதல் பதிவேட்டை 2பி-யோடு ஒப்பிடுவது. இடிக்கும் இடங்களில் பெரும்பாலும் சரக்கு கொடுத்தவர் தாக்கல் செய்திருக்க மாட்டார், அல்லது ஜிஎஸ்டி எண் தப்பாக இருக்கும், அல்லது பில் நம்பரில் ஒரு பூஜ்யமோ சாய்கோடோ மாறியிருக்கும். எந்தக் காரணம் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதினால் போதும். கிளையன்ட் பாஸ்வேர்டு பிள்ளைகள் கைக்கு வரக்கூடாது, இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

டெக்ஸ்டைலில் செக்கிங் டேபிளை (துணியில் குறை பார்க்கும் இடம்) கேளுங்கள். நான்கு புள்ளி முறையில் 3 இன்ச் வரையுள்ள குறைக்கு 1, 6 வரை 2, 9 வரை 3, அதற்கு மேல் 4. 100 சதுர கெஜத்துக்கு 40 புள்ளி பலரும் வைக்கிற எல்லை; பையர் இன்னும் கறாராகக் கேட்கலாம். ஒரே ரோலைப் பிள்ளையும் பழைய செக்கரும் தனித்தனியாகப் பார்த்துவிட்டு, கணக்கு எங்கே வேறுபட்டது என்று உட்கார்ந்து பேசட்டும்.

தொழிற்பழகுநர்:
ஐடிஐ, டிப்ளமோ முடித்த ஐந்து பேரையும் இரண்டு மாதப் பயிற்சியோடு விட்டுவிடாதீர்கள். 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டப்படி, ஒப்பந்த ஆட்களையும் சேர்த்து 30 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனம் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். 40 பேர் இருந்தால் 1 முதல் 6 பேர் வரை. 4 முதல் 29 பேர் உள்ள இடம் விரும்பினால் எடுக்கலாம். 2019 விதிகளில் குறைந்தபட்ச உதவித்தொகை ஐடிஐக்கு 7,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000. இப்போதைய தொகையை அரசுத் தளத்தில் பார்த்துவிட்டுப் பேசப் போங்கள். தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் இதில் 25 சதவீதம், அதிகபட்சம் மாதம் 1,500, அரசிடமிருந்து நேராகப் பழகுநரின் வங்கிக் கணக்குக்கு வரும்.

நம் ஊரில் இது சிக்குவது பெயரில்தான். மார்க் ஷீட்டில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, பாஸ்புக்கில் இனிஷியலே இல்லாமல் இருக்கும். விண்ணப்பிக்கும் முன்பே மூன்றையும் ஒன்றாக்குங்கள். வங்கியில் ஆதாரை இணைத்திருந்தால் மட்டும் போதாது, மானியம் வரும் கணக்காகவும் அதுவே பதிவாகியிருக்க வேண்டும். ஒப்பந்தம் பதிவாகும் முன் வேலைக்கு அனுப்பாதீர்கள்.

அமராவதிக்கரை:
மிக்க நன்றி. பட்டறையில் 8 பேர்தான், ஓனர் சட்டம் என்றதும் தயங்குகிறார். கோடைக்கு மட்டும் போகிறவர்களுக்குப் பணம், விபத்து? பெண்களின் வீட்டிலும் யோசிக்கிறார்கள்.

தொழிற்பழகுநர்:
பழகுநருக்கு பிஎஃப், இஎஸ்ஐ கட்ட வேண்டியதில்லை என்று ஓனரிடம் சொல்லுங்கள், பாதித் தயக்கம் போகும். ஆனால் வேலையில் அடிபட்டால் இழப்பீடு அவர் பொறுப்பு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கோடைக்கு மட்டும் போகிற பிள்ளைகளுக்கு அப்படிப் பதிவான ஒப்பந்தம் கிடையாது. 18 வயதானவர்களுக்கு வங்கியில் வருடம் 20 ரூபாய் விபத்துக் காப்பீடு போடுங்கள். அது மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டும்தான், ஆஸ்பத்திரிச் செலவுக்கு வராது. ஜூன் 1 முதல் மே 31 வரைதான் கணக்கு, அதனால் மே மாதம் சேர்ந்தவர் ஜூனில் கணக்கில் 20 ரூபாய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பெண்களை இருவராகவே அனுப்புங்கள், கடைசி பஸ்ஸுக்கு ஒரு பஸ் முன்னால் கிளம்புகிற மாதிரி நேரம் பேசுங்கள். 10 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடத்தில், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். பயிற்சிக்கு வருகிறவர்களும் அந்தச் சட்டத்துக்குள் வருவார்கள். குழுவில் யார் யார் என்று நேராகக் கேளுங்கள். அதைவிடச் சின்ன இடம் என்றால் மாவட்ட உள்ளூர்க் குழு.

கூண்டுக்காரர்:
பணம்: இரண்டு வாரம் வேடிக்கை பார்க்க வருகிறவனுக்கு பஸ் செலவும் மதியச் சாப்பாடும் போதும். அதற்கு மேல் போனால் அவன் கை வேலை செய்கிறது, காசு கொடுக்கத்தான் வேண்டும்.

பேரேடு:
காசு விஷயத்தில் இன்னும் கொஞ்சம் கறாராகவே இருப்பேன். முதல் வாரத்துக்குப் பிறகே ஒரு தொகையைப் பேசிவிடுங்கள். பேசாமல் விட்டால் கடைசி நாளில் ஓனருக்கும் சங்கடம், பிள்ளைக்கும் வருத்தம். சான்றிதழை ஓனர் எழுதுவார் என்று காத்திருக்காதீர்கள். பிள்ளையே தினமும் மூன்று வரி எழுதி, சனிக்கிழமை மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கட்டும். கடைசி வாரம் அதிலிருந்து லெட்டர்பேடுக்கான வாசகத்தை அடித்துக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். "நன்றாகப் பணியாற்றினார்" என்ற வரி அடுத்த வேலைக்கு உதவாது. "இரண்டு மாதக் கொள்முதல் பதிவேட்டை 2பி-யோடு ஒப்பிட்டு, வேறுபாடுகளைக் காரணத்தோடு பட்டியலிட்டார்" என்று இருக்கட்டும்.