காரணிப்படுத்திய சமன்பாடு: தீர்வும் வரைபும் ஒத்துவரேல்ல

உவர்மலை அக்கா:

தங்கச்சி சாதாரண தரம் எழுதியிட்டு இணைந்த கணிதத்துக்குப் போகப்போறா. காரணிப்படுத்தல் அவவுக்குக் கைவந்த வேலை. அதுக்குப் பிறகு தீர்க்கிறதும் வரையிறதும்தான் தடுமாறுது. கொப்பியில இருக்கிற மூண்டு இடத்தை அப்படியே போடுறன். (போனில கீபோர்டை மாத்தி மாத்தி அடிக்கேலாது. எக்ஸுக்கு எ, வைக்கு வ எண்டு வாசியுங்கோ.)

ஒண்டு: (எ − 3)(எ + 2) = 6. இதை எ − 3 = 6, எ + 2 = 6 எண்டு பிரிச்சு 9, 4 எண்டு விடை எழுதியிருக்கிறா. பிரதியிட்டுப் பார்த்தா 9 பிழை, ஆனா 4 சரி. "முறை பிழையெண்டா 4 எப்படிச் சரியா வந்தது?" எண்டு கேக்கிறா. நல்ல கேள்விதான், மறுமொழி என்னட்ட இல்லை.

ரெண்டு: 2எ² = 10எ. ரெண்டு பக்கத்தையும் எ ஆல வெட்டி எ = 5 எண்டு முடிச்சிட்டா. விடையில 0, 5 எண்டு ரெண்டு இருக்கு.

மூண்டு: வ = (எ + 1)(எ − 2)². −2 முதல் 4 வரை அட்டவணை −16, 0, 4, 2, 0, 4, 20. எண்களில பிழை இல்லை. ஆனா வரைபு 2 இல அச்சை வெட்டிக் கீழ இறங்கி, வளைஞ்சு திரும்பி 3 இல 4 க்கு ஏறுது. எல்லாப் புள்ளியிலும் போகுதுதானே எண்டு சொல்லுறா.

மூதூரான்:

முதல் ரெண்டையும் நான் எடுக்கிறன், மூண்டாவதை வரைபுக்காரர் ஆரும் பாருங்கோ.

ரெண்டு எண்ணின் பெருக்கம் 0 எண்டா, அதில ஒண்டாவது 0 ஆக இருந்தே ஆகோணும். இந்தக் குணம் 0 க்கு மட்டும்தான். பெருக்கம் 6 எண்டா ஒரு காரணியும் 6 ஆக இருக்கத் தேவையில்லை: 2 × 3 இருக்கு, 12 × ½ இருக்கு, (−1) × (−6) இருக்கு, எண்ணி முடியாது. அதால வலப்பக்கம் 0 இல்லாத சமன்பாட்டைப் பிரிக்கவே கூடாது. முதல் விரிக்க வேணும்:

எ² − எ − 6 = 6
எ² − எ − 12 = 0
(எ − 4)(எ + 3) = 0
எ = 4 அல்லது எ = −3

4 தற்செயலா வந்தது எப்படியெண்டு பாருங்கோ. எ எதுவா இருந்தாலும் (எ + 2) எண்ட காரணி (எ − 3) ஐ விட 5 கூட. அப்ப கேள்வி உண்மையில கேக்கிறது இதுதான்: 5 வித்தியாசமுள்ள எந்த ரெண்டு எண்ணைப் பெருக்கினா 6? ஒண்டு 6 உம் 1 உம். மற்றது −1 உம் −6 உம். முதல் சோடியில எ + 2 = 6, எ = 4. ரெண்டாவது சோடியில எ + 2 = −1, எ = −3. தங்கச்சி "எ + 2 = 6" எண்டு எழுதினபோது மற்றக் காரணி எதிர்பாராமல் 1 ஆக விழுந்திட்டுது, அவ்வளவுதான். "எ − 3 = 6" எண்டு எழுதினபோது மற்றது 11; 6 × 11 = 66.

வலப்பக்கத்தை 10 ஆக மாத்தி அதே முறையில செய்யச் சொல்லுங்கோ. 13, 8 எண்டு வரும். பிரதியிட்டா 150, 50. ரெண்டுமே பிழை. இதைத் தன்ர கையால செய்து பார்த்தா திரும்ப அந்தப் பக்கம் போகமாட்டா. நூறு தரம் "அப்படிச் செய்யாதே" எண்டு சொல்லுறதை விட இது மேல்.

ரெண்டாவது கணக்கு: எ ஆல வகுக்கிறதெண்டா எ பூச்சியம் இல்லையெண்டு முதலே முடிவு கட்டிட்டம். ஆனா அந்தப் பூச்சியமும் ஒரு விடை. அதால வெட்டாமல் ஒரு பக்கம் கொண்டுவாங்கோ: 2எ² − 10எ = 0, 2எ(எ − 5) = 0, எ = 0 அல்லது 5. 2 ஆல தாராளமா வகுக்கலாம், அது ஒருநாளும் பூச்சியமாகாது. மாறி இருக்கிற ஒண்டால வகுக்கிறதுதான் ஆபத்து.

எல்லாத்தையும் ஒரு பக்கம் தள்ளி மறுபக்கம் 0 வைக்கிற இந்தப் பழக்கம் பழசுதான். தோமஸ் ஹரியட் எண்ட ஆங்கிலேயர் இறந்து 10 வருசத்துக்குப் பிறகு, 1631 இல, அச்சான அவரின்ர நூலில சமன்பாடுகளைக் காரணிகளின் பெருக்கமாக் கட்டிக் காட்டியிருக்கு. 1637 இல பிரெஞ்சுக் கணிதர் டெக்கார்ட்டும் அதே வழியிலதான் போறார்.

நிலாவெளி:

மூன்றாவதை எடுக்கிறேன். தங்கச்சி சொல்வது ஒரு வகையில் நியாயம்தான். 2 க்கும் 3 க்கும் இடையில் வளையி என்ன செய்கிறது என்று அட்டவணை சொல்லவில்லை. அதைச் சொல்வது காரணிகளின் குறி. ஆகவே அட்டவணைக்கு முன்னரே குறிகளைப் பார்த்துவிட வேண்டும்.

எ அச்சில் −1, 2 இரண்டையும் குறித்தால் மூன்று பகுதிகள் கிடைக்கும். (எ + 1) என்பது −1 க்கு இடப்பக்கம் மறை, வலப்பக்கம் நேர். (எ − 2)² வர்க்கம் என்பதால் 2 இல் மட்டும் 0, மற்ற எல்லா இடத்திலும் நேர். பெருக்கினால் −1 க்கு இடப்பக்கம் மறை, −1 க்கும் 2 க்கும் இடையில் நேர், 2 க்கு அப்பாலும் நேர். 2 க்குப் பிறகு வளையி அச்சுக்குக் கீழே இறங்க வழியே இல்லை. அது வந்து அச்சைத் தொட்டுவிட்டு, வந்த பக்கமே திரும்புகிறது.

காரணியின் வலு (அடைப்புக்கு மேலே உள்ள அடுக்கு) ஒற்றை என்றால் வெட்டும், இரட்டை என்றால் தொட்டுத் திரும்பும். பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்வார்கள், ஆனால் தொடுகிற இடத்தை வி போலக் கூராக வரைந்துவிடுவார்கள். 2 க்கு மிக அருகே பாருங்கள். 1.9 இல் 2.9 × 0.01 = 0.029. 2.1 இல் 3.1 × 0.01 = 0.031. அந்த இடத்தில் (எ + 1) ஏறத்தாழ 3 தான், எனவே வளையி கிட்டத்தட்ட 3(எ − 2)² என்ற பரவளைவு மாதிரி உருண்டு அச்சில் படிகிறது. கூர் வர இடமில்லை.

வரையும்போது −2 முதல் 4 வரை எடுப்பதுதான் அடுத்த சிக்கல். −16 இலிருந்து 20 வரை தாளில் அடக்க வேண்டுமென்றால் அளவிடையைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் நமக்குத் தேவையான 2 இன் அயல் நசுங்கிப்போகும். −1.5 முதல் 3.5 வரை எடுங்கள். பெறுமானங்கள் −6.125 இலிருந்து 10.125 வரைதான் போகும். எ அச்சில் 2 செ.மீ. ஓரலகு, வ அச்சில் 1 செ.மீ. ஓரலகு என்று வைத்தால் சாதாரண வரைபுத் தாளில் தாராளமாக அடங்கும். 1.5 இல் 0.625, 2.5 இல் 0.875 என்ற இரண்டு புள்ளிகளையும் கட்டாயம் சேருங்கள். அவை இருந்தால் கை தானாகவே சரியாக வளையும்.

இன்னொன்று. பரவளைவில் திரும்பற் புள்ளி இரண்டு மூலங்களுக்கும் நட்டநடுவில் இருக்கும். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. −1, 2 இன் நடு 0.5, அங்கே 3.375. ஆனால் 0 இல் 4, −0.5 இல் 3.125. உயர்வு 0 இல்தான். உயர்தரத்தில் வகையிடல் வந்ததும் 3எ(எ − 2) = 0 என்று இதையே ஒரு வரியில் எடுத்துவிடுவா.

உவர்மலை அக்கா:

மூதூரான் அண்ணா, அந்த 5 வித்தியாசம் அவவுக்கு நல்லாப் பிடிச்சுது, நன்றி. நிலாவெளி சேர், 1.5 உம் 2.5 உம் போட்டதும் வரைபு சரியா வந்திட்டுது. இன்னொரு சின்னச் சந்தேகம்: வ = (2 − எ)(எ + 4). மூலங்கள் 2, −4 எண்டு சரியா எடுத்திட்டு, கிண்ணம் மாதிரி நிமிர்ந்த வளையியா வரைஞ்சிருக்கிறா.

கொட்பே:

(2 − எ) இல எ க்கு முன்னால மறை. பெருக்கினா −எ² வரும், அதால கவிழ்ந்த பரவளைவு. விரிக்கத் தேவையில்லை, ஒவ்வொரு அடைப்பிலும் எ இன் குணகத்தை மட்டும் பெருக்கிப் பார்த்தாப் போதும். சமச்சீர் அச்சு எ = −1, உயர்வுப் பெறுமானம் 3 × 3 = 9. வ அச்சை 8 இல வெட்டும். 0 ஐப் போட்டா 8 நேர் எண்டு வந்த உடனேயே, ரெண்டு மூலத்துக்கும் நடுவில வளையி மேல நிக்குது எண்டு தெரிஞ்சிருக்கோணும். இந்தச் சோதனைக்கு அஞ்சு விநாடியும் ஆகாது.

அதோட (2எ − 3) மாதிரிக் காரணி வந்தா மூலம் 3 இல்லை, 3/2. இதில புள்ளி விடுகிற பிள்ளைகள் கனபேர்.

நிலாவெளி:

தீர்வும் வரைபும் ஒரே விசயம் என்று தங்கச்சிக்குப் பிடிபட இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். மீன் வாடிக்கு மூடியில்லாத பெட்டி ஒன்று. 60 செ.மீ. பக்கமுள்ள சதுரத் தகரம். நாலு மூலையிலும் எ செ.மீ. சதுரம் வெட்டி எறிந்து, ஓரங்களை மேலே மடித்தால் கனவளவு

வ = எ(60 − 2எ)²

காரணிப்படுத்தியே வந்திருக்கிறது. மூலங்கள் 0, 30. 30 இல் வலு 2, எனவே அங்கே தொட்டுத் திரும்பும். 5, 10, 15, 20, 25 க்கு அட்டவணை 12 500, 16 000, 13 500, 8000, 2500. எ அச்சில் 2 செ.மீ. க்கு 5, வ அச்சில் 1 செ.மீ. க்கு 1000 என்று வரையுங்கள். உச்சி 10 இல், 16 000 கன செ.மீ., அதாவது 16 லீற்றர்.

இப்போது கேளுங்கள்: 8 லீற்றர் கொள்ள எவ்வளவு வெட்ட வேண்டும்? இங்கேதான் முதற் பிழை திரும்ப எட்டிப் பார்க்கும். "காரணி இருக்கிறதே" என்று எ = 8000 எழுதக் கை துடிக்கும். வரைபில் வ = 8000 என்ற கிடைக்கோட்டைப் போட்டால் 20 இலும், 2.7 க்குக் கிட்டவும் வெட்டும். கணக்கில், 4எ(30 − எ)² = 8000 ஐ 4 ஆல் வகுத்து, விரித்து, ஒரு பக்கம் கொண்டுவந்தால்

எ³ − 60எ² + 900எ − 2000 = 0

20 ஒரு மூலம் என்று அட்டவணையே சொல்லிவிட்டது, ஊகிக்கத் தேவையில்லை. (எ − 20) ஆல் வகுத்தால்

(எ − 20)(எ² − 40எ + 100) = 0

இரண்டாவது அடைப்பு முழுவெண்களாகப் பிரியாது. சூத்திரத்தால் எ = 20 ± √300, அதாவது 2.68, 37.32.

37.32 ஐ விட வேண்டும். 60 செ.மீ. தகரத்தில் இரு பக்கமும் 37 செ.மீ. வெட்ட இடமில்லை, அடியின் பக்கம் −14.64 ஆகும். வர்க்கித்தால் மறை மறைந்துவிடுவதால் சமன்பாடு அதைக் காட்டிக்கொடுக்காது. வரைபை 30 ஐத் தாண்டி நீட்டினால் அந்த மூன்றாவது வெட்டுப்புள்ளியும் தெரியும்.

உவர்மலை அக்கா:

சேர், அப்ப 37.32 ஐ விடைத்தாளில எழுதவே கூடாதா?

நிலாவெளி:

எழுத வேண்டும். மூன்று மூலங்களையும் எழுதி, 0 < எ < 30 ஆதலால் 37.32 பொருந்தாது என்று காரணத்தோடு நீக்கச் சொல்லுங்கள். காரணம் சொல்லாமல் வெட்டிவிட்டால், கவனித்து விட்டதா தவறவிட்டதா என்று திருத்துகிறவருக்குத் தெரியாது.