பக்கமாரா குடித்தவர்கள் வாருங்கள்: உங்களுக்குப் பழமா, வெங்காயமா?

கெய்ஷா என்ற காப்பி ரகத்தைப் பற்றி எல்லோரும் எழுதித் தள்ளியாகிவிட்டது, அதனால் நான் பக்கமாரா என்ற இன்னொரு காப்பி ரகத்துக்கு வருகிறேன். எல் சால்வடோர் நாட்டுச் சரக்கு. கண்ணில் முதலில் படுவது கொட்டையின் அளவுதான், வழக்கமான அராபிகா காப்பிக் கொட்டையைப் பக்கத்தில் வைத்தால் அது குஞ்சு மாதிரி தெரியும். என் கை மில்லில் போட்டால் சட்டென்று இறங்காது, மேலேயே உருண்டுகொண்டிருக்கும், நடுவில் நிறுத்தி ஒரு தட்டுத் தட்டினால்தான் மசியும்.

அந்த நாட்டில் சாண்டா அனா பக்கம் போயிருந்தபோது ஒரு தோட்டத்தில் ருசி பார்க்க உட்காரவைத்தார்கள். வரிசையாகக் கிண்ணங்கள், கொரகொரப்பாக அரைத்த தூள், அதன்மேல் வெந்நீர். நான்கு நிமிடம் கழித்து மேலே படிந்திருக்கும் தூளைக் கரண்டியால் விலக்க வேண்டும், விலக்கும்போது மூக்கு கிண்ணத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், வாசனை மொத்தமாகக் கிளம்புவது அப்போதுதான் என்றார்கள். முதல் கிண்ணத்தில் ஆரஞ்சுத் தோல் வாசம், அடியில் சாக்லேட், வழவழவென்று கனமாக நாக்கில் நின்றது. சரி, இதுதான் பக்கமாரா என்று முடிவுகட்டி அடுத்ததை உறிஞ்சினால், அப்பட்டமாக வதக்கிய வெங்காயம்! ஆற ஆற அது தக்காளி ரசத்தின் தெளிவு மாதிரி ஆனது, புளிப்பும் உப்பும் ஏதோ பச்சிலை வாசமும். இரண்டுமே பக்கமாரா, இரண்டுமே பழச்சதையைக் கழுவி நீக்கிப் பதப்படுத்தியது, விளைந்த மலைச்சரிவு மட்டும்தான் வேறு. கூட இருந்தவர்களில் பாதிப் பேர் இரண்டாவதைத் தள்ளிவைத்தார்கள். எனக்கு அதுதான் பிடித்தது.

ஏன் இப்படி என்று கேட்டதற்கு நாற்றங்காலுக்குக் கூட்டிப்போனார்கள். இந்த ரகத்துக்கு அப்பா அம்மா இரண்டுமே தானாக மாறிப் பிறந்தவை. ஒன்று பக்காஸ், போர்பன் ரகத்தில் தோன்றிய குட்டைச் செடி, 1949இல் சாண்டா அனாவில் பக்காஸ் குடும்பத்தின் தோட்டத்தில் கண்டெடுத்தது. இன்னொன்று மரகொஜிப்பே, டிப்பிக்கா ரகத்திலிருந்து வந்தது, பிரேசிலின் பாஹியா மாநிலத்தில் 1870இல் தென்பட்டது. யானைக் கொட்டை என்று சொல்வார்களே, அதேதான். நெடுநெடுவென வளரும், காய்ப்பு குறைவு. 1958இல் எல் சால்வடோரின் காப்பி ஆராய்ச்சி நிறுவனம் இரண்டையும் கலப்பினம் செய்யத் தொடங்கியது. குட்டைச் செடியில் பெரிய கொட்டை வேண்டும் என்பது கணக்கு, கணக்கு பலித்தது. ஆனால் பல தலைமுறை பொறுக்கி எடுத்தும் ரகம் முழுசாக நிலைக்கவில்லை, விதை போட்டு வளர்த்தால் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு செடி பக்காஸாகவே திரும்பிவிடுகிறது. நாற்றுகளைக் காட்டினார்கள்: சிலவற்றின் கொழுந்து பச்சை, சிலவற்றில் செம்பு நிறம், பெரிய இலைகளின் ஓரம் அலையலையாக நெளிந்திருந்தது. பக்காஸாகத் திரும்பி இலை சிறுத்து நின்றவற்றை அங்கேயே பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். அப்படிக் களையெடுக்காத தோட்டத்துச் சரக்கை வாங்கினால் பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்பதற்கு யார் பொறுப்பு?

*

மேலே எழுதியவருக்கு என் பதில்: நான் குடித்த பக்கமாரா எல்லைக்கு அந்தப் பக்கம், குவாத்தமாலாவின் ஹுவேஹுவேதெனாங்கோவில் விளைந்தது. அங்கேயும் இந்த ரகம் நன்றாகவே வேரூன்றிவிட்டது, எல் இன்ஹெர்த்தோ என்ற தோட்டம் பக்கமாராவை வைத்தே சிறந்த காப்பியைத் தேர்ந்தெடுக்கும் கப் ஆஃப் எக்ஸலன்ஸ் போட்டியில் திரும்பத் திரும்ப முதலிடம் பிடித்திருக்கிறது. எனக்குக் கிடைத்தது வேறு தோட்டத்தினுடையது, பழத்தோடு உலர்த்தியது. வெங்காயம் வரவே இல்லை. காய்ந்த திராட்சை, டார்க் சாக்லேட், கடைசியில் லேசாகப் புளித்த கள் வாசம் (இது பிடிக்காதவர்கள் கழுவியதையே வாங்குங்கள்). மேலே எழுதியவர் குற்றத்தைச் செடிமேல் போடுகிறார், நான் பாதியை வறுப்பவர்மேல் போடுவேன். இவ்வளவு பெரிய கொட்டையில் சூடு உள்ளே போய்ச்சேர நேரம் பிடிக்கும், அவசரப்பட்டால் வெளியே நிறம் ஏறிவிடும், உள்ளே பச்சையாகவே நிற்கும். அந்தப் பச்சை வாசனையைப் பலர் "ரகத்தின் குணம்" என்று சொல்லி விற்றுவிடுகிறார்கள்.

*

மேலே எழுதிய இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம், சண்டை வேண்டாம். நான் எல் சால்வடோரின் சலாட்டெனாங்கோ மலைப்பக்கத்துச் சரக்கு மட்டும் வாங்குகிறேன், ஹோண்டுராஸ் எல்லையை ஒட்டிய இடம், பெரும்பாலும் சின்னச் சின்னத் தோட்டங்கள். நன்றாக வறுத்ததிலும் அந்தப் பச்சிலை வாசம் மெலிதாக இருக்கத்தான் செய்கிறது, எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. விலைதான் கடிக்கிறது. இலைத் துரு நோயைத் தாங்காத ரகம் இது, 2012-13இல் மத்திய அமெரிக்கா முழுக்க அந்த நோய் பரவியபோது நிறையப் பேர் தாங்கக்கூடிய ரகங்களுக்கு மாறினார்கள், அதையும் மீறிப் பக்கமாரா வைத்திருப்பவர் கூடுதல் விலை கேட்டால் கேட்கட்டும். அப்புறம், பால் ஊற்றாதீர்கள். ஊற்றிப் பார்த்தேன், சாக்லேட் மட்டும் மிச்சம் இருந்தது, அதற்கு இந்தக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கொதித்த நீரை அப்படியே ஊற்றாமல் கொஞ்சம் ஆறவிட்டு, தாள் வடிகட்டியில் இறக்கி, பாதிச் சூட்டில் குடியுங்கள். வாங்கும்போது பாக்கெட்டில் தோட்டத்தின் பெயரும் பதப்படுத்திய முறையும் இருக்கிறதா என்று பாருங்கள், வெறுமனே "பக்கமாரா" என்று மட்டும் போட்டிருந்தால் நான் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.