1952 இறப்பர்-அரிசி ஒப்பந்தம்: எங்கள் பால் சீனாவுக்குப் போன கதை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மலையருவி:

எல்லோருக்கும் வணக்கம். என் அம்மாயி கேகாலைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். பதினாலு வயதில் பேர் பதிந்தாராம். கண் மங்கும் வரை கத்தியை விடவில்லை. அண்மையில் காலமானார். கருமாதி முடிந்து அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது, பழைய சேலைத் துண்டில் சுற்றி அந்தக் கத்தி இருந்தது. முனை வளைந்த, பிடி வழுவழுப்பான, தேய்ந்து பாதியாகிப் போன கத்தி.

சின்ன வயதில் சோறு மீதம் வைத்தால் அவர் ஒரே ஒரு வசனம்தான் சொல்வார்: "நம்ம பாலு சீனாவுக்குப் போச்சு, சீனாக்காரன் அரிசி நம்ம சட்டிக்கு வந்துச்சு, அத மறந்துட்டு கொட்டாதே." நான் அதை ஏதோ பழமொழி என்று நினைத்திருந்தேன். கத்தியைப் பார்த்த பிறகுதான் தேட ஆரம்பித்தேன். 1952இல் இலங்கைக்கும் சீனாவுக்கும் இறப்பர்-அரிசி ஒப்பந்தம் என்று ஒன்று நடந்ததும், அதை இன்றைக்கும் இரண்டு நாட்டுத் தூதுவர்களும் மேடைதோறும் நினைவுகூர்வதும் அப்போதுதான் தெரிந்தது.

எனக்குப் புரியாதவை சில. அன்று கொழும்பில் இருந்தது ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம். கம்யூனிசம் என்றாலே ஆகாதவர்கள். அவர்கள் எப்படி மாவோவின் சீனாவோடு கை குலுக்கினார்கள்? இது உண்மையிலேயே பண்டமாற்றா, றப்பரைக் கொடுத்து அரிசியை வாங்கினோமா? அப்புறம் எனக்கு முக்கியமானது: வாசித்த எல்லாவற்றிலும் அமைச்சர் இருக்கிறார், கப்பல் இருக்கிறது, நட்பு இருக்கிறது. பால் வெட்டியவர்கள் ஒரு வரியிலும் இல்லை. அவர்களுக்கு இதனால் என்ன கிடைத்தது?

பழைய பேரேடு:

தங்கச்சி, அம்மாயியின் ஆன்மா சாந்தியடையட்டும். நான் முப்பது வருடம் பொருளியல் படிப்பித்தவன். உயர்தர வகுப்பில் இந்த ஒப்பந்தத்தை ஒரு பாடவேளையில் முடித்துவிடுவோம். அது போதாது என்பது எனக்குப் பழைய மனக்குறை. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அரசியல். அதை ஆரம்பித்து வைத்தது நட்பு இல்லை, பசி. 1950இல் கொரிய யுத்தம் தொடங்கியதும் றப்பர் விலை ஏறியது. அடுத்த வருடத்திலேயே இறங்கத் தொடங்கிவிட்டது. அதே நேரம் உலகச் சந்தையில் அரிசிக்குத் தட்டுப்பாடு. நமக்குத் தேவையான அரிசியில் பெரும் பகுதி பர்மாவிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் வர வேண்டியிருந்தது. விற்கிற பொருள் விலை சரிகிறது, வாங்குகிற பொருள் விலை ஏறுகிறது. ஒரு குடும்பத்துக்கு இப்படி வந்தாலே தாங்காது. கொழும்பு முதலில் போய்க் கேட்டது அமெரிக்காவிடம்தான். றப்பருக்கு நல்ல விலையும் அரிசிக்குச் சகாய விலையும் கேட்டார்கள், சரிவரவில்லை.

சீனாவின் நிலை இதற்கு மறுபக்கம். 1951 மே மாதம் ஐ.நா. பொதுச்சபை, யுத்தத்துக்கு உதவும் பொருட்களைச் சீனாவுக்கு அனுப்பக் கூடாது என்று தீர்மானம் போட்டது. றப்பர் அந்த வகையில் வந்தது. பிரித்தானியாவின் கையில் இருந்த மலாயாவும் அனுப்புவதை நிறுத்தியது. சீனாவுக்கு றப்பர் கிடைக்க வழியில்லை. இலங்கையோ அப்போது ஐ.நா.வில் உறுப்பினரே இல்லை, 1955 டிசம்பரில்தான் சேர்ந்தோம். அந்த இடைவெளிதான் வாசல்.

வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனாநாயக்க பீக்கிங் போனார். பிரதமர் டட்லி சேனாநாயக்கவின் உறவினர், சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பைச் சமாளித்துக்கொண்டு போனவர். 1952 டிசம்பர் 18 அன்று ஐந்து வருட ஒப்பந்தம் கைச்சாத்தானது. வருடம் 50,000 தொன் றப்பர் நாம் கொடுப்பது, 2,70,000 தொன் அரிசி அவர்கள் கொடுப்பது. நம் மொத்த றப்பர் விளைச்சலில் ஏறத்தாழ பாதி அது. றப்பருக்கு உலகச் சந்தை விலைக்கு மேலே கொடுத்தார்கள். இத்தனைக்கும் அன்று கொழும்பில் சீனத் தூதரகமும் இல்லை, பீக்கிங்கில் நமது தூதரகமும் இல்லை. 1950இல் சீனாவை அங்கீகரித்ததோடு சரி. தூதரக உறவு 1957 பெப்ரவரியில்தான் வந்தது. முதலில் அரிசி வந்தது, பிறகுதான் தூதுவர் வந்தார். படிப்பிக்கும்போது நான் இதை அழுத்திச் சொல்வேன்.

பண்டமாற்றா என்று கேட்டீர்கள். மூட்டைக்கு மூட்டை மாற்றியது இல்லை. றப்பருக்கு ஒரு விலை, அரிசிக்கு ஒரு விலை பேசி, கணக்கில் வரவு செலவு எழுதி, மிச்சத்தைத் தீர்த்தார்கள். விலையைப் பிறகு வருடாவருடம் பேசினார்கள். அளவு ஐந்து வருடத்துக்கு நிலையானது, விலை பேச்சுக்கு உட்பட்டது. இந்த ஏற்பாட்டின் புத்திசாலித்தனமே அதில்தான்.

1953 குடிசன மதிப்பீட்டில் நாம் 81 இலட்சம் பேர். அந்த 2,70,000 தொன்னைத் தலைக்குப் பிரித்தால் வருடம் 33 கிலோ வரும். உங்கள் அம்மாயி சொன்னது பழமொழி இல்லை தங்கச்சி, கணக்கு.

நெல்வயல்:

ஐயா, ஒரு சந்தேகம். இவ்வளவு நல்ல ஒப்பந்தம் என்றால், அடுத்த வருடமே ஏன் அரிசி விலை ஏறி ஹர்த்தால் வெடித்தது? என் அப்பா அந்தக் கதையைத்தான் சொல்லுவார். ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதத்துக்குப் போனதாம்.

பழைய பேரேடு:

நியாயமான கேள்வி. அரசாங்கம் அரிசியை எந்த விலைக்கு வாங்கினாலும், கூப்பன் கடையில் 25 சதத்துக்கே கொடுத்தது. இடையில் உள்ள பணத்தைத் திறைசேரிதான் போட வேண்டும். சீன அரிசி அந்தப் பாரத்தைக் கொஞ்சம் குறைத்தது, இல்லாமல் செய்யவில்லை. கொரிய யுத்த காலத்து வருமானம் கரைந்து, வெளிநாட்டுக் கையிருப்பும் இறங்கியதும், 1953 ஜூலையில் நிதி அமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன மானியத்தை வெட்டினார். ஓகஸ்ட் 12 அன்று நாடு நின்றது. ஒக்டோபரில் டட்லி பதவி விலகினார். அரிசி கிடைப்பது ஒன்று, அதை ஏழை வாங்கக்கூடிய விலையில் கொடுப்பது வேறொன்று. ஒப்பந்தம் முதலாவதைத்தான் தீர்த்தது.

சீனாவுக்கு றப்பர் விற்றதற்காக அமெரிக்கா தன் சட்டப்படி நமக்கு உதவி கொடுப்பதை நிறுத்தி வைத்தது. 1956 வரை அது வரவில்லை. அந்த விலையையும் கொடுத்துத்தான் இதை வைத்திருந்தோம்.

தெஹியோவிட்டைக்காரன்:

பால் வெட்டியவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்று மலையருவி எழுதியது மனதைத் தைத்தது. அப்பா றப்பர் ஸ்டோரில் வேலை செய்தவர். நானும் அங்கே வளர்ந்தவன். தெரிந்ததை எழுதுகிறேன்.

பெரட்டு, அதாவது வேலைக்குப் பேர் கூப்பிடுவது, விடியமுன் நடக்கும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் இருட்டோடு மலைக்குப் போய், மரம் மரமாகப் பட்டையை ஒரு நூல் கனத்துக்குச் சீவி, சிரட்டையைத் திருத்தி வைக்க வேண்டும். ஆழமாகப் போனால் மரம் காயப்படும், கங்காணி ஏசுவார். மேலாகப் போனால் பால் வராது. பிறகு திரும்பி வந்து, சிரட்டைகளை வாளியில் ஊற்றி, வாளியைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்க வேண்டும். சிரட்டையில் காய்ந்து ஒட்டியிருப்பது ஒட்டுப்பால், அதையும் உரித்துச் சேர்க்க வேண்டும். பால் நிறை குறைந்தால் அரைப்பேர்தான் விழும், அதாவது அரை நாள் சம்பளம்தான். மழை பெய்து பட்டை நனைந்தால் அன்றைக்கு வெட்டே இல்லை. எங்கள் பக்கம் மழை எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும்.

ஸ்டோரில் பாலை வடித்து, தண்ணீர் கலந்து, அசிட் விட்டுத் தட்டில் உறைய வைப்பார்கள். உறைந்ததை ரோலரில் போட்டுத் தகடாக்கி, புகைக்கூடத்தில் நாட்கணக்கில் தொங்கவிடுவார்கள். வெள்ளையாக உள்ளே போனது தேன் நிறத்தில் வெளியே வரும். அப்பா ஒவ்வொரு ஷீட்டையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் குமிழி இருக்கிறதா, தூசி இருக்கிறதா என்று பார்த்துத் தரம் பிரிப்பார். அந்த 50,000 தொன் இப்படி ஒவ்வொரு ஷீட்டாகத்தான் சேர்ந்தது.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். றப்பர் என்பது தோட்டத் தமிழர் மட்டும் வெட்டியது இல்லை. களுத்துறை, கேகாலைப் பக்கங்களில் சொந்தமாக இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருந்த சிங்களக் குடும்பங்களும் ஏராளம். அவர்களும் அதே இருட்டில்தான் எழும்பினார்கள்.

மலையருவி:

ஐயா, அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. அரைப்பேர் என்ற சொல்லை அம்மாயி வாயால் கேட்டது. இத்தனை வருடத்துக்குப் பிறகு அதை எழுத்தில் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

என் கேள்வி அப்படியே நிற்கிறது. றப்பருக்குச் சந்தைக்கு மேல் விலை வந்ததே, அது வாளி தூக்கியவர் கைக்கு வந்ததா?

பழைய பேரேடு:

நேரடியாக வந்ததாகச் சொல்ல முடியாது. இரண்டு அரசாங்கங்கள் சரக்கையும் விலையையும் பேசிய ஒப்பந்தம் அது. தோட்டக் கூலி, 1941 சட்டத்தின்படி அமைந்த சம்பளச் சபைகள் தீர்மானித்த விடயம். மேல்விலை முதலில் போனது தோட்ட உடைமையாளருக்கும் ஏற்றுமதியாளருக்கும் அரசாங்கத்துக்கும். தொழிலாளிக்குக் கிடைத்தது வேலை நிற்காமல் ஓடியது, அரிசி தட்டாமல் வந்தது. அதைச் சிறிதென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அரிசிக்கும் பல தோட்டங்களில் கூலியில் பிடித்தார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் அம்மாயி பேர் பதிந்த காலத்தில் அவருக்கும் அவருடைய பெற்றோருக்கும் பெரும்பாலும் இந்த நாட்டுக் குடியுரிமை இருந்திருக்காது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது, அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. நாட்டுக்குச் சோறு கொண்டுவந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றிய கைகளில் கணிசமானவை வாக்குப் போட முடியாத கைகள். அரசியல் வகுப்பில் அந்தச் சட்டத்தையும் பொருளியல் வகுப்பில் இந்த ஒப்பந்தத்தையும் தனித்தனியாகப் படிப்பிக்கிறோம். இரண்டும் நான்கு வருட இடைவெளியில் நடந்தவை. சேர்த்துப் படிப்பிக்க வேண்டும்.

மலையருவி:

ஐயா, இது எங்கள் வீட்டுக் கதையேதான். அம்மாயியின் தம்பி, என் சின்னத் தாத்தா, 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியா அனுப்பப்பட்டவர். அந்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறது. தூரத்து நண்பனோடு போட்ட ஒப்பந்தத்தில் நாங்கள் வெட்டிய பாலுக்குத் தொன் கணக்கு. பக்கத்து நண்பனோடு போட்ட ஒப்பந்தத்தில் எங்களுக்கே தலைக் கணக்கு. இரண்டிலும் எங்களை யாரும் கேட்கவில்லை.

சின்னத் தாத்தாவைக் கர்நாடகத்தில் சுள்ளியாவுக்கு அனுப்பினார்கள். தாயகம் திரும்பியவர்களுக்கென்று அங்கே அரசு றப்பர் தோட்டம் போட்டிருந்தது. கடல் தாண்டியும் அதே கத்தி, அதே இருட்டு.

நெல்வயல்:

வாசிக்கவே பாரமாக இருக்கிறது அக்கா.

ஐயா, கடைசியாக ஒன்று. அன்று சீனா நண்பன், இன்று அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 வருடக் குத்தகைக்கு எடுத்த கடன்காரன் என்று பேசுகிறார்களே. அதே நாடுதானே, எங்கே மாறியது?

பழைய பேரேடு:

நாடு அதேதான், நம் கையில் இருந்த சரக்குத்தான் மாறியது தம்பி. 1952இல் சீனாவுக்கு வேறெங்கும் கிடைக்காத ஒன்று நம்மிடம் இருந்தது. அதனால் மேசையில் சரிசமமாக உட்கார்ந்து விலை பேச முடிந்தது. 1955 பாண்டுங் மாநாட்டில் நம் பிரதமர் கொத்தலாவல சோவியத் ஆதிக்கமும் குடியேற்றவாதமே என்று பேசி, சீனப் பிரதமர் சூ என்லாயைச் சங்கடப்படுத்தினார். அப்படியும் அரிசிக் கப்பல் நிற்கவில்லை. இரண்டு பக்கமும் தேவை இருந்ததால் கருத்து வேறுபாட்டைத் தாங்கியது. 1957இல் புதுப்பித்தபோது றப்பருக்கு மேல்விலை நின்று போனது, பதிலுக்கு மீள்நடுகைக்கு 7.5 கோடி ரூபாய் உதவியாகக் கொடுத்தார்கள். அப்படியே ஐந்தைந்து வருடமாக 1982 வரை, முப்பது வருடம் ஓடியது. துறைமுகத்துக்கு நாம் போனது சரக்கோடு இல்லை, கடன் கேட்டு. 2017 குத்தகையை அந்த வித்தியாசத்தோடுதான் நான் வாசிப்பேன்.

மலையருவி:

தெஹியோவிட்டை அண்ணா, அப்பா வேலை செய்த புகைக்கூடம் இன்னும் இருக்கிறதா? அம்மாயியின் கத்தியை எடுத்துக்கொண்டு அம்மாவோடு வந்து பார்க்க ஆசை.

தெஹியோவிட்டைக்காரன்:

கட்டடம் இருக்கிறது, புகை இல்லை. சுவர் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கும். பக்கத்தில் சிறு தோட்டக்காரர் ஒருவர் இப்போதும் பால் வெட்டுகிறார், அவரிடம் சொல்லி வைக்கிறேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு முதல் நாள் இரவே வந்து எங்கள் வீட்டில் தங்குங்கள் தங்கச்சி. காலையில் கொழும்பிலிருந்து புறப்பட்டால் வந்து சேரும்போது பால் ஓட்டம் நின்றிருக்கும். கத்தியைத் தீட்ட வேண்டாம், அப்படியே கொண்டு வாருங்கள்.