ஓப்பன் என்ரோல்மெண்ட்: மார்ச்சில் குழந்தை வருகிறது, பிபிஓவா எச்டிஎச்பியா?

நியூஜெர்சி புதியவன்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கம்பெனியில் 2026க்கான ஓப்பன் என்ரோல்மெண்ட் (வருடத்துக்கு ஒருமுறை மருத்துவக் காப்பீட்டு பிளானைத் தேர்ந்தெடுக்கும் காலம்) திறந்துவிட்டார்கள், நவம்பர் 14 கடைசி நாள். போன இரண்டு வருடமும் எதையும் படிக்காமல் பழைய பிபிஓவையே தொடர விட்டுவிட்டேன். இந்த முறை அப்படி விட முடியாது. மனைவி மாசமாக இருக்கிறார், மார்ச் நடுவில் தேதி கொடுத்திருக்கிறார்கள். இது எங்களுக்கு முதல் குழந்தை.

இரண்டு பிளான்தான் இருக்கிறது. பிபிஓ (பிரீமியம் அதிகம், டிடக்டிபிள் குறைவு) என்றால் குடும்பத்துக்கு இரண்டு வாரச் சம்பளத்தில் 240 டாலர் பிடிப்பார்கள். டிடக்டிபிள், அதாவது காப்பீடு தரத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை, ஒருவருக்கு 750, குடும்பத்துக்கு 1,500. அவுட் ஆஃப் பாக்கெட் மேக்ஸிமம் (பிரீமியம் தவிர வருடத்தில் நம் கையிலிருந்து போகக்கூடிய உச்ச அளவு) ஒருவருக்கு 3,000, குடும்பத்துக்கு 6,000. எச்டிஎச்பி (டிடக்டிபிள் அதிகமான பிளான்) என்றால் 95 டாலர்தான் பிடிப்பார்கள், ஆனால் குடும்ப டிடக்டிபிள் 4,000, மேக்ஸிமம் ஒருவருக்கு 5,000, குடும்பத்துக்கு 8,000. இதோடு வரும் எச்எஸ்ஏ என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் கம்பெனி 1,500 போடுவார்கள். டிடக்டிபிள் தாண்டிய பிறகு இரண்டிலும் நாம் 20 சதவீதம் கட்ட வேண்டும்.

ஆபீசில் யாரைக் கேட்டாலும் "பிரசவம் இருக்கும் வருடத்தில் பிபிஓதான், கண்ணை மூடிக்கொண்டு எடு" என்கிறார்கள். 4,000 டிடக்டிபிள் என்று பார்த்தாலே எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. மனைவியும் வேலைக்குப் போகிறார். இப்போது என் பிளானில்தான் இருக்கிறார், ஆனால் அவர் கம்பெனியில் தனியாக ஒரு எஃப்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கென்று வரிக்கு முன் சம்பளத்தில் ஒதுக்கும் கணக்கு) வைத்திருக்கிறார். அம்மா பிப்ரவரியில் ஊரிலிருந்து வருகிறார், ஆறு மாதம் இருப்பார். அவரையும் என் பிளானில் சேர்க்க முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப் பிடித்தவன்:

தம்பி, முதலில் வாழ்த்துகள். டிடக்டிபிளை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். வருடம் முழுக்க உங்கள் பையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகும் என்று பாருங்கள். நீங்களே எல்லா எண்ணையும் கொடுத்திருக்கிறீர்கள், கூட்டிப் பார்ப்போம்.

பிபிஓ பிரீமியம் 240 பெருக்கல் 26, அதாவது வருடத்துக்கு 6,240. எச்டிஎச்பி 95 பெருக்கல் 26, அதாவது 2,470. இதிலேயே 3,770 டாலர் வித்தியாசம் வந்துவிட்டது, இது யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் வராவிட்டாலும் போகிற பணம். இதோடு கம்பெனி போடும் 1,500ஐச் சேர்த்தால் 5,270. அந்தப் பக்கம் எச்டிஎச்பியின் குடும்ப மேக்ஸிமம் பிபிஓவை விட 2,000தான் அதிகம். ஆகவே கடவுள் புண்ணியத்தில் அப்படி நடக்கக் கூடாது, ஆனால் தாயும் பிள்ளையும் நாள்கணக்கில் ஆஸ்பத்திரியில் இருந்து மேக்ஸிமம் முழுவதும் தொட்டுவிட்டாலும் பிபிஓவில் 12,240, எச்டிஎச்பியில் கம்பெனி தரும் 1,500 போக 8,970, பிரீமியமும் சேர்த்து. அப்போதும் 3,270 மிச்சம்.

சாதாரணப் பிரசவம் என்று வைத்துக்கொண்டாலும் ஆஸ்பத்திரி பில் வரும் அளவைப் பார்த்தால் உங்கள் மனைவி தனிநபர் மேக்ஸிமத்தைத் தொட்டுவிடுவார் என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள். குழந்தை பிறந்த நிமிடத்திலிருந்து அது தனி ஆள், அதன் பெயரில் தனி பில் வரும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குழந்தைக்கு பிபிஓவில் 1,200, எச்டிஎச்பியில் 800 என்று ஒரு குத்துமதிப்பாகப் போட்டால் (எச்டிஎச்பியில் அம்மாவின் பில்லே குடும்ப டிடக்டிபிளை முடித்துவிட்டிருக்கும்), பிரீமியத்தோடு மொத்தம் பிபிஓ 10,440, எச்டிஎச்பி அந்த 1,500 போக 6,770. குழந்தை வரும்வரை "ஊழியர் மற்றும் துணை" என்ற குறைந்த பிரீமியம்தான் பிடிப்பார்கள், ஆகவே இரண்டிலும் நிஜத்தில் கொஞ்சம் குறையும்.

இதெல்லாம் வரிச் சேமிப்பைச் சேர்க்காமல். 2026இல் குடும்ப எச்எஸ்ஏ வரம்பு 8,750, அதில் கம்பெனி தரும் 1,500 போக நீங்கள் 7,250 வரை போடலாம். சம்பளத்திலிருந்தே போட்டால் ஃபெடரல் வருமான வரியோடு 7.65 சதவீத சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரியும் கிடையாது. 22 சதவீத வருமான வரிப் படியில் இருந்தால் சுமார் 2,150 டாலர் மிச்சம். நீங்கள் நியூஜெர்சி என்பதால் ஒன்று: கலிஃபோர்னியாவும் நியூஜெர்சியும் எச்எஸ்ஏவுக்கு மாநில வரிவிலக்கு தருவதில்லை, மாநில வரி கட்டித்தான் ஆக வேண்டும். டபிள்யூ-2வில் (கம்பெனி தரும் வருடச் சம்பள, வரிப் படிவம்) மாநிலச் சம்பளம் கூடுதலாகத் தெரிந்தால் தவறு என்று நினைத்துவிடாதீர்கள்.

எஃப்எஸ்ஏ பணம் பொதுவாக வருடக் கடைசியில் காலாவதியாகும், எச்எஸ்ஏ பணம் அப்படியில்லை, வேலை மாறினாலும் கூடவே வரும். பில்களைப் பத்திரமாக வைத்திருந்தால் பல வருடம் கழித்துக்கூட எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கணக்குத் திறந்த பிறகு ஆன செலவாக இருக்க வேண்டும், அதனால் ஜனவரி முதல் வாரத்திலேயே கணக்கு திறந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெனிஃபிட்ஸ் மேசைக்காரி:

மேலே உள்ள கணக்கு சரி, ஆனால் அது நிற்பதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. நான் பெனிஃபிட்ஸ் பிரிவில் பத்து வருடமாக வேலை பார்க்கிறேன், ஒவ்வொரு வருடமும் யாராவது இதில் மாட்டுகிறார்கள்.

உங்கள் மனைவியின் எஃப்எஸ்ஏ. பொதுவான மருத்துவ எஃப்எஸ்ஏ என்றால் அதிலிருந்து கணவனின் செலவையும் எடுக்கலாம், அதனால் சட்டத்தின் பார்வையில் உங்களுக்கும் "வேறு காப்பீடு" இருப்பதாக ஆகிவிடுகிறது. நீங்கள் ஒரு டாலர்கூட எடுக்காவிட்டாலும் சரி, எச்எஸ்ஏவில் பணம் போட உங்களுக்குத் தகுதி போய்விடும். கம்பெனி போடும் 1,500 உட்பட. இதில் இன்னொரு கண்ணி, அவர் 2026க்கு எஃப்எஸ்ஏ எடுக்காமல் விட்டாலும் இந்த வருட மீதி அடுத்த வருடத்துக்கு உருண்டு வந்தால் (2025இலிருந்து 660 டாலர் வரை அனுமதி உண்டு, கம்பெனியைப் பொறுத்தது) அந்த மீதியே போதும் உங்கள் தகுதியைக் கெடுக்க. ஆகவே அவர் டிசம்பர் 31க்குள் அந்தக் கணக்கைப் பூஜ்யமாக்கட்டும். கண்ணாடி, பல் வேலை, மருந்துக்கடையில் வாங்கும் மருந்து என்று எதற்கும் செலவழிக்கலாம். முடியாவிட்டால் பல், கண் செலவுக்கு மட்டுமான எஃப்எஸ்ஏவாக மாற்றித் தருவார்களா என்று அவர் எச்ஆரிடம் கேட்கட்டும், அந்த வகை எச்எஸ்ஏவோடு சேர்ந்து இருக்கலாம்.

அப்புறம் உங்கள் கையேட்டில் "ஸ்பௌசல் சர்சார்ஜ்" என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். மனைவிக்குத் தன் கம்பெனியிலேயே காப்பீடு கிடைக்கும்போது உங்கள் பிளானில் சேர்த்தால் பல இடங்களில் தனியாகப் பிடிக்கிறார்கள், சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

டிபெண்டண்ட் கேர் எஃப்எஸ்ஏ வேறு, அதற்கும் எச்எஸ்ஏவுக்கும் சண்டையே இல்லை. டேகேர் செலவுக்கானது. 2026இலிருந்து குடும்பத்துக்கு 7,500 வரை போடச் சட்டம் அனுமதிக்கிறது, முன்பு 5,000. ஆனால் இப்போதே எடுக்க வேண்டாம், குழந்தை பிறப்பது வருட நடுவில் சேர அனுமதிக்கும் தகுதியான மாற்றம்தான், டேகேர் எப்போது ஆரம்பிக்கும் என்று தெரிந்த பிறகு அப்போது சேர்ந்துகொள்ளலாம்.

அம்மாவைப் பற்றி: கம்பெனி பிளானில் பொதுவாகப் பெற்றோரைச் சேர்க்க முடியாது, துணையும் 26 வயது வரையிலான பிள்ளைகளும்தான். விசிட்டர் இன்ஷூரன்ஸ் வாங்குங்கள், விமானம் ஏறும் நாளிலிருந்து தொடங்குகிற மாதிரி. அவருக்குச் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ ஏற்கெனவே இருந்தால் அந்த பாலிசிகள் சாதாரணச் சிகிச்சைக்குத் தராது, திடீரென்று மோசமாகும் நிலைக்கு மட்டும் ஓரளவு தருவதுண்டு, அந்தப் பகுதியை வரி வரியாகப் படியுங்கள். ஆறு மாத மாத்திரையை ஊரிலிருந்தே மருந்துச்சீட்டோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.

டெக்சாஸ் அம்மா:

நான் வேறு மாதிரி சொல்கிறேன், கோபப்படாதீர்கள். கணக்கில் எச்டிஎச்பி ஜெயிக்கிறது, உண்மைதான். எங்களுக்கும் அப்படித்தான் ஜெயித்தது. ஆனால் மார்ச் மாதம் 5,000 டாலர் பில் வரும்போது எச்எஸ்ஏவில் ஐந்தாறு சம்பளத்துப் பணம்தான் இருக்கும். எச்எஸ்ஏவில் போட்டிருக்கிற அளவுதான் எடுக்க முடியும், எஃப்எஸ்ஏ மாதிரி வருடம் முழுவதுக்குமான தொகை முதல் நாளே கிடைக்காது. கையிருப்பு இல்லாத வீட்டில் இது பெரிய பாரம். அதைவிட முக்கியம், மகளுக்கு எட்டு மாதத்தில் காய்ச்சல் வந்தபோது "டாக்டரிடம் போனால் முழுப் பணமும் நம் கையிலிருந்து" என்ற நினைப்பில் இரண்டு நாள் தள்ளிப்போட்டோம். காது சீழ் வைத்துவிட்டது. அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றைக்கும் மனது கேட்காது. நீங்கள் அப்படித் தள்ளிப்போடுகிற ஆள் என்று உங்களுக்கே தோன்றினால் கூடப் பணம் கொடுத்து பிபிஓ எடுங்கள், தப்பே இல்லை. எடுப்பது எச்டிஎச்பி என்றால் பிரீமியத்தில் மிச்சமாகும் பணத்தை முதல் சம்பளத்திலிருந்தே எச்எஸ்ஏவுக்குத் திருப்பிவிடுங்கள், அது கைச்செலவில் கரைந்துவிடக் கூடாது. ஆஸ்பத்திரியில் தவணை கேளுங்கள், வட்டி இல்லாமல் தருகிற இடங்கள் நிறைய.

இன்னொன்று. குழந்தை பிறந்து 30 நாளுக்குள் எச்ஆர் போர்ட்டலில் சேர்த்துவிடுங்கள். ஆஸ்பத்திரியில் அம்மாவின் இன்ஷூரன்ஸ் கார்டை வாங்கிக்கொள்வார்கள், அதனால் குழந்தையும் சேர்ந்துவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். சோஷியல் செக்யூரிட்டி கார்டு வரட்டும் என்று காத்திருந்தோம். அது வந்தது 34ஆம் நாள். கம்பெனி முடியாது என்று சொல்லிவிட்டது. அழுதுகொண்டே ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன். கடைசியில் மார்க்கெட்பிளேஸில் (கம்பெனி வழியாக இல்லாமல் நாமே காப்பீடு வாங்கும் அரசுத் தளம்) குழந்தை பிறந்தால் 60 நாள் அவகாசம் உண்டு, பிறந்த தேதியிலிருந்தே கவரேஜ் வாங்கலாம் என்று ஒரு அக்கா சொல்லி அதில் சேர்த்தோம், முழு பிரீமியம் கட்டி. எண் வரும் வரை காத்திருக்காதீர்கள், பிறந்த தேதியும் பெயரும் வைத்துச் சேர்த்துவிட்டு எண்ணைப் பிறகு கொடுங்கள். 30 நாளுக்குள் சேர்த்தால் பிறந்த நாளிலிருந்தே கவரேஜ் உண்டு.

கணக்குப் பிடித்தவன்:

டெக்சாஸ் அம்மா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: தடுப்பூசியும் குழந்தையின் வழக்கமான செக்கப்பும் எச்டிஎச்பியிலும் இலவசம்தான், டிடக்டிபிளுக்குக் காத்திருக்க வேண்டாம். காய்ச்சல், இருமலுக்குப் போனால்தான் கட்டணம். பிரசவத்திலேயே குடும்ப டிடக்டிபிள் 4,000 முடிந்துவிடும் என்பதால் 2026 மீதி மாதங்களில் நீங்கள் கட்டப்போவது 20 சதவீதம் மட்டுமே, ஆகவே அந்த வருடம் டாக்டரிடம் போகத் தயங்காதீர்கள். தயக்கம் வரக்கூடியது 2027இல், அப்போது மறுபடி உட்கார்ந்து யோசியுங்கள்.

பெனிஃபிட்ஸ் மேசைக்காரி:

பிளானைச் சொடுக்குவதற்கு முன்னால் பிரசவ டாக்டர், ஆஸ்பத்திரி, குழந்தை டாக்டர் மூவரும் அந்தக் குறிப்பிட்ட பிளானின் நெட்வொர்க்கில் (பிளானோடு ஒப்பந்தம் உள்ளவர்கள் பட்டியல்) இருக்கிறார்களா என்று அவர்கள் பில்லிங் பிரிவுக்கே போன் செய்து கேளுங்கள். இன்ஷூரன்ஸ் வெப்சைட்டில் இருக்கும் பட்டியல் பழசாக இருக்கும். ஒரே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் இரண்டு பிளானுக்கு இரண்டு நெட்வொர்க் இருப்பதுண்டு. நெட்வொர்க்கில் உள்ள ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டரோ பச்சிளங்குழந்தை டாக்டரோ நெட்வொர்க்கில் இல்லாமல் போனாலும் 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ள நோ சர்ப்ரைசஸ் சட்டப்படி கூடுதல் பில் அனுப்பக் கூடாது. ஆனால் சாலை ஆம்புலன்ஸுக்கு அந்தச் சட்டம் கிடையாது. ஆஸ்பத்திரி பில் வந்ததும் கட்டிவிடாதீர்கள், இன்ஷூரன்ஸிலிருந்து ஈஓபி (அவர்கள் எவ்வளவு கொடுத்தார்கள், நீங்கள் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற விவரச் சீட்டு) வரட்டும், இரண்டையும் ஒப்பிட்ட பிறகு கட்டுங்கள். பிரெஸ்ட் பம்ப் கடையில் வாங்காதீர்கள், பிளானிலேயே தருவார்கள்.

மனைவி வேலை செய்வது நியூஜெர்சியில் என்றால் பிரசவ விடுப்புக்கு மாநிலத்தின் டெம்பரரி டிசபிலிட்டி இன்ஷூரன்ஸும் (வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் ஒரு பகுதி) அதற்குப் பிறகு 12 வாரம் வரை ஃபேமிலி லீவ் இன்ஷூரன்ஸும் உண்டு, அப்பாவுக்கும் ஃபேமிலி லீவ் உண்டு. கம்பெனி ஷார்ட் டெர்ம் டிசபிலிட்டிக்குத் தனியாகக் காசு கட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள். நீண்ட காலம் வேலை செய்ய முடியாமல் போனால் உதவும் லாங் டெர்ம் டிசபிலிட்டி மட்டும் விடாதீர்கள். வரி கட்டிய பணத்தில் பிரீமியம் கட்டும் வாய்ப்பு இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள், பின்னால் கிடைக்கும் தொகைக்கு வரி வராது.

நியூஜெர்சி புதியவன்:

இவ்வளவு நேரம் எடுத்து எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மனைவியும் நானும் சேர்ந்து உட்கார்ந்து படித்தோம். அவர் எஃப்எஸ்ஏவில் இன்னும் 410 டாலர் இருக்கிறது, மீதி உருண்டு வரும் என்றுதான் இருவரும் நிம்மதியாக இருந்தோம். இந்த வாரமே கண் டாக்டரிடம் நேரம் வாங்கியாகிவிட்டது. சர்சார்ஜும் இருக்கிறது, மாதம் 100 டாலர், 14ஆம் பக்கத்தில்.

கையில் சுமார் 6,000 சேமிப்பு இருக்கிறது, அதனால் எச்டிஎச்பி பக்கம் சாய்கிறோம். சர்சார்ஜ் இரண்டு பிளானுக்கும் ஒன்றுதானே, அப்படியென்றால் கணக்கு மாறாதா?

கணக்குப் பிடித்தவன்:

இந்த இரண்டுக்கும் நடுவில் மாறாது, இரண்டிலும் 1,200 கூடும், அவ்வளவுதான். ஆனால் மனைவி தன் கம்பெனி பிளானில் தனியாகச் சேர்ந்து குழந்தையையும் அங்கே சேர்த்தால் என்ன ஆகும் என்று மூன்றாவதாக ஒரு கணக்கு போட வேண்டும், அந்த 1,200 அப்போது மிச்சம். அவர் கம்பெனி கையேட்டிலிருந்து பிரீமியம், டிடக்டிபிள், மேக்ஸிமம் மூன்றையும் இங்கே போடுங்கள். அவர்களுடைய என்ரோல்மெண்ட் எப்போது முடிகிறது என்றும் பாருங்கள், உங்களுக்கு முன்னால் முடிந்துவிடக் கூடாது.

நியூஜெர்சி புதியவன்:

பார்த்தேன் அண்ணா, அங்கே நவம்பர் 7. நாளைக் காலையில் அவர் எச்ஆரிடம் கையேடு வாங்கி எண்களைப் போடுகிறேன்.