பளிங்குக் கல்லறைப் பலகையில் பழைய சுண்ணாம்பு: எழுத்து சிதையாமல் எடுப்பது எப்படி?

நாங்குநேரி பக்கம் சின்ன ஊர், கிறிஸ்தவக் கோயில் கல்லறைத் தோட்டம். 1943இல் இறந்த படைவீரர் கல். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் (உலகப் போர்களில் இறந்த படைவீரர் கல்லறைகளைப் பராமரிக்கும் அமைப்பு) வைக்கும் வழக்கமான 2 அடி 8 அங்குலக் கல் இல்லை. குடும்பம் வைத்த பளிங்குப் பலகை. கல்லறைத் திருநாள்தோறும் அடித்த சுண்ணாம்பு, அவருடைய படை எண்ணை (ராணுவ அடையாள எண்) அடைத்துவிட்டது. ஆணையத்தின் இணையப் பட்டியலில் அதே பெயர் ஏராளம்; எண் இல்லாமல் ஆளைப் பிரிக்க முடியாது.

நல்ல தண்ணீரில் நனைத்து (போர்வெல் தண்ணீர் உப்பு கல்லுக்குள் தங்கிவிடும்) நைலான் பிரஷ், மூங்கில் சிம்பு போட்டாச்சு. மேலடுக்கு உரிந்தது, அடியடுக்கு அசையவில்லை. இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் முதல் இரண்டு இலக்கம் தெரிகிறது, அவ்வளவுதான். தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்ததில் ஒன்றும் விழவில்லை. ஆசிட், வினிகர், எலுமிச்சை சொல்லாதீர்கள்: பளிங்கும் காய்ந்த சுண்ணாம்பும் ஒரே கால்சியம் கார்பனேட், இரண்டும் சேர்ந்தே கரையும். கம்பி பிரஷும் வேண்டாம்.

எழுத்தின் விளிம்பு உடையாமல் அந்த அடியடுக்கை எதைக்கொண்டு எடுக்கலாம்?