நம்பரை விடாமல் பிரீபெய்டுக்கு மாறப் போய் நடந்தவை: உங்கள் அனுபவம் என்ன?

ஹரோ_வெள்ளவத்தை

பத்து வருடம் லண்டனில் இருந்துவிட்டுப் போன வருடம் கொழும்புக்கே வந்துவிட்டேன். அங்கே இருந்தது மாதப் பில் சிம். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு மாதாமாதம் பவுண்ஸில் கட்ட எனக்கென்ன விசரா? ஆனால் நம்பர் வேண்டும், இரண்டு வங்கிக்கும் ஓடிபி அதற்குத்தான் வரும். பிரீபெய்ட் கம்பனி ஒன்றுக்கு மாற்றி, இடைக்கிடை ஒரு எஸ்எம்எஸ் போட்டு உயிரோடு வைத்திருப்பது என்று திட்டம். திரும்பி வருகிற எல்லாரும் செய்கிறதுதானே.

பெட்டி கட்டுகிற அவசரத்தில் கூட்டாளி ஒருவன் போனில் சொன்னான்: "ஸ்டாக் (STAC) என்று அடிச்சு 75075க்கு அனுப்பு, கோட் வரும், அதைப் புதுக் கம்பனிக்குக் குடு." அனுப்பினேன், வந்தது, கொடுத்தேன். வாட்ஸ்அப் பழைய நம்பரிலேயே ஓடிக்கொண்டிருந்ததால் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

கொழும்பு வந்து மூன்றாம் நாள். அம்மாவின் பிளாட்டில் மின்விசிறிக்குக் கீழே இருந்து காசு மாற்றப் பார்க்கிறேன். "46இல் முடியும் இலக்கத்துக்கு அனுப்பியுள்ளோம்" என்று திரையில் நிற்கிறது. போன் சத்தமில்லை. மறுபடியும் அமத்தினேன். சிம்மின் நம்பர் என்னவென்று செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் முன்பின் தெரியாத இலக்கம்! நான் அனுப்பியிருக்க வேண்டியது பாக் (PAC). பாக் என்றால் நம்பரையும் கொண்டு போவது. ஸ்டாக் என்றால் நம்பரைக் கைவிட்டுப் போவது. திருப்பித் தரச் சொல்லிக் கேட்டேன், முடியாது என்றுவிட்டார்கள்.

வங்கி வேலையை எப்படியோ சரிப்படுத்தினேன், அது வேறு கதை. அலுமாரிக் கதவின் உள்பக்கம் அம்மா நீலப் பேனையால் 0044 போட்டு அந்த நம்பரை எழுதி வைத்திருக்கிறா. உடுப்பு எடுக்கத் திறக்கிற நேரமெல்லாம் அதுதான் கண்ணில் குத்துகிறது.

நாலாம்_குறுக்குத்தெரு

உங்களுக்காவது மாற வழி இருந்தது. நான் 2017இல் புறக்கோட்டையில் கடையை வைத்துக்கொண்டு வேறு கம்பனிக்குப் போக நினைத்தேன். கடைக்குள் சிக்னல் இல்லை, வாசலுக்கு வந்து கத்த வேண்டும். அப்போது இங்கே நம்பரோடு போகிற வசதி கிடையாது. 077 என்றால் ஒரு கம்பனி, 071 என்றால் இன்னொன்று, முன்னால் இருக்கும் மூன்று இலக்கமே சாதிப் பெயர் மாதிரி.

சரி, புது சிம் எடுத்தேன். அதே கிழமைதான் அச்சகத்தில் இருந்து புதுவருடக் கலண்டர் 500 வந்து இறங்கியது, எல்லாவற்றிலும் பழைய நம்பர். கடைப் பெடியனும் நானும் இரவு பத்து மணி வரை நிலத்தில் இருந்து ஸ்டிக்கர் ஒட்டினோம். முருகனின் காலடியில்தான் நம்பர் இருந்தது, அவசரத்தில் கொஞ்சக் கலண்டரில் அவருடைய வேலும் சேர்ந்து மறைந்துவிட்டது. ஒரு வருடம் இரண்டு போனோடு திரிந்துவிட்டுப் பழைய கம்பனிக்கே வந்துவிட்டேன்.

சிம்_சித்தப்பா

ஹரோ அண்ணை, குறை நினைக்காதீங்க, பிழை உங்களுடையதுதான். அந்த எஸ்எம்எஸ்ஸை வாசித்திருந்தாலே தெரிந்திருக்கும். கூட்டாளி மேல் போடக் கூடாது.

என் கதை சின்னது. கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற அண்ணா இங்கே விடுமுறைக்கு வந்த இடத்தில் அந்தக் கனடா நம்பருக்குக் கம்பனி மாறினார். "உங்கள் நம்பரை மாற்றக் கேட்டிருக்கிறார்கள், சம்மதமா" என்று பழைய சிம்முக்கு ஒரு எஸ்எம்எஸ் வரும், 90 நிமிடத்துக்குள் யெஸ் என்று பதில் போட வேண்டும். அவரோ கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே அந்தச் சிம்மைக் கழற்றிவிட்டு உள்ளூர் சிம் போட்டிருந்தார். கடைசியில் நானும் அண்ணியும் கட்டிலுக்குக் கீழே டோர்ச் அடித்துத் தேடினோம். கிடைத்தது அவருடைய கண்ணாடிக் கூட்டுக்குள்.

இனி மாறப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். லண்டன் என்றால் பாக் என்று 65075க்கு அனுப்புங்கள், செலவில்லை. 2019 ஜூலை 1இல் இருந்து இந்த முறைதான், முந்தி மாதிரி ஆளோடு கதைத்து, "ஏன் போறீங்க, அரை விலைக்குத் தாறோம்" என்று கெஞ்சுவதைக் கேட்கத் தேவையில்லை. கோட் 30 நாளுக்குச் செல்லும், ஆகவே பிளேனுக்கு முதல் நாள் வரை இழுக்க வேண்டிய அவசியமே இல்லை. புதுக் கம்பனியிடம் கொடுத்தால் ஒரு வேலை நாளில் மாறும், வெள்ளிக்கிழமை பின்னேரம் கொடுத்துவிட்டுச் சனிக்கிழமை அழாதீங்க. அமெரிக்கா என்றால் பழைய கம்பனியின் கணக்கு இலக்கமும் மாற்றுவதற்கென்று தருகிற பின் நம்பரும் வேண்டும். எந்த நாடென்றாலும் பழைய இணைப்பை நீங்களாகப் போய் வெட்டாதீங்க. நம்பர் புதுச் சிம்முக்கு வந்தால் பழையது தானாகவே நின்றுவிடும். வெட்டிவிட்டுப் போனால் கொண்டு போக நம்பரே இராது. அப்புறம், வேறு ஒரு போனில் இருந்து உங்களுக்கே ஒரு கோல் எடுத்துப் பாருங்கள். வாட்ஸ்அப் வேலை செய்வதெல்லாம் சாட்சியில்லை.

பம்பலப்பிட்டி_மகள்

வாசித்தால் தெரியும் என்று சொல்வது லேசு, சித்தப்பா. ஊர் மாறுகிற கிழமையில் எத்தனையை வாசிப்பது?

எனக்குக் கம்பனிகூட மாறத் தேவை இருக்கவில்லை. அதே கம்பனி, அதே நம்பர், மாதப் பில்லில் இருந்து பிரீபெய்டுக்கு. அவ்வளவுதான். டோக்கன் எடுத்து ஒரு மணித்தியாலம் இருந்தேன். கவுண்டரில் இருந்த பிள்ளை கம்பியூட்டரைப் பார்த்துவிட்டு, "இது உங்கட பேரில இல்லையே அக்கா. சொந்தக்காரர் நேரில வரவேணும், ஐடென்டிட்டியோட" என்றா.

நம்பர் அப்பாவின் பெயரில் இருந்தது. அவரைப் பொரளை கனத்தை மயானத்துக்குக் கொண்டுபோய் இருபது நாள்கூட ஆகவில்லை. "அவர் வரமாட்டார்" என்றேன். "அப்ப நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றா, நல்ல முகத்தோடு. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு நான் ஏன் சிரிக்கிறேன் என்று அந்தப் பிள்ளைக்கு விளங்கி, பேனையைக் கீழே வைத்துவிட்டா.

மரணச் சான்றிதழோடு இன்னும் இரண்டு தரம் போனேன். நம்பர் இப்போது என் பெயரில், ரீலோட் போட்டுத்தான் ஓடுகிறது. அப்பாவைக் கேட்டு இன்னும் ஆட்கள் எடுப்பார்கள்.

072_காரி

நான் ஒன்றுமே செய்யவில்லை, கம்பனிதான் மாறிக்கொண்டே இருந்தது. 2005இல் எடுக்கும்போது செல்டெல். பிறகு டிகோ, அதற்குப் பிறகு எடிசலாட், 2018இல் ஹட்சோடு சேர்ந்தது. நாலு பெயர், ஒரே நம்பர், ஒரு கியூவில்கூட நிற்கவில்லை. 2024இல் எயார்டெல் டயலொக்கிடம் போனபோது 075 வைத்திருந்த என் தங்கச்சி பதறிக்கொண்டு எடுத்தா. பேசாமல் இரு என்றேன். அவவின் நம்பரும் அப்படியேதான் இருக்கிறது.

ஹரோ_வெள்ளவத்தை

சித்தப்பா, கணக்கு இலக்கம், பின் எல்லாம் சரி. என் நம்பர் வராதே.

பம்பலப்பிட்டித் தங்கச்சி எழுதியதை வாசித்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன், அந்த நம்பரை வெட்டிவிட்டு என் புது நம்பரை எழுதுங்கோ என்று. வெட்டவில்லை. கீழே எழுதியிருக்கிறா. எண்ணிப் பார்த்தேன், ஒரு இலக்கம் குறைகிறது.